பறிக்காம விட்ட மஞ்சப்பூ

ஒரு ஊர்ல ஒரு பூ இல்ல, ரெண்டு பூ இல்ல, ஊரே பூ. படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வையை அப்படி உதைக்காதே. நீ ம் சொல்லிக்கிட்டே வரணும், இல்லேன்னா கதை நடுவழியிலேயே சப்பணம் போட்டு உக்காந்துக்கும். அப்புறம் எழுப்பவே முடியாது. ஆங், அப்படித்தான். ம்.

அந்த ஊர் எங்க இருந்துச்சுன்னா, பெரிய ஆத்துக்கு நட்டநடுவுல ஒரு திட்டு. இந்தப் பக்கமும் தண்ணி சலசலன்னு ஓடும், அந்தப் பக்கமும் தண்ணி சலசலன்னு ஓடும். அக்கரைக்குப் போகணும்னா பரிசல்லதான் போகணும். அரிசி, பருப்பு, காய்கறி, துணிமணி எல்லாம் அக்கரையிலேர்ந்து பரிசல்ல வரும். இங்கேருந்து கூடை கூடையா பூ போகும். அதனால அந்த ஊருக்குப் பேரே பூத்திட்டு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு ஒரு பூ. ஒரு வீட்டுப் பூவை இன்னொரு வீடு நடக்கூடாது. மல்லிகை வீடுன்னா மல்லிகைதான், சம்பங்கி வீடுன்னா சம்பங்கிதான். வீட்டுக்கு வேற அடையாளமே கிடையாது. "அரளி வீட்டுல கன்னுக்குட்டி போட்டிருக்கு"ம்பாங்க. "மருக்கொழுந்து வீட்டு மாப்பிள்ளை கோச்சுக்கிட்டுப் போயிட்டாரு"ம்பாங்க. அவ்வளவுதான், எல்லாருக்கும் வெளங்கிடும்.

பங்குனி மாசம் அங்க கரைகாத்தம்மனுக்குத் திருவிழா. ஆத்தா சப்பரத்துல ஏறி உக்காந்து ஊரைச் சுத்தி வருவா. டமடம டமடமன்னு மேளம் முன்னாடி போகும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் சப்பரம் நிக்கும். பூசாரி அந்த வீட்டுப் பூவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. "மல்லிகை வீடே!"ன்னு கூப்பிட்டா மல்லிகை வீட்டுக்காரங்க கூடையோட வருவாங்க, ஆத்தா அந்தப் பூவைச் சூடிக்குவா. எல்லா வீடும் இப்படித்தான். ஆனா பேர் சொல்லிக் கூப்பிட ஒரு பூ இல்லாத வீடுன்னு வை, அந்த வாசல்ல சப்பரம் நிக்காது. ம்? ஆமா, நிக்கவே நிக்காது.

அப்போ, அந்தத் திட்டோட வால்ல, கடைக்கோடி வீட்டுல பவளாயின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் சடையப்பன் பரிசல் ஓட்டுறவன். அவங்க வீடு முன்னாடி செவ்வந்தி வீடா இருந்துச்சு. ஒரு ஆடி மாசம் ஆத்துல வெள்ளம் வந்துச்சு பாரு, கிடுகிடுகிடுன்னு வந்து, செவ்வந்தித் தோட்டத்தை ஒரே வாரா வாரி எடுத்துக்கிட்டு, அந்த இடத்துல மணலையும் வண்டலையும் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிடுச்சு. அப்புறம் பவளாயியும் செவ்வந்தி நட்டுப் பார்த்தா. பிடிக்கலை. மறுபடி நட்டா. கருகிடுச்சு. மறுபடியும் நட்டா. வேரோட அழுகிடுச்சு. மண்ணே மாறிப் போச்சு, செவ்வந்திக்கு அது ஒத்துக்கலை.

அந்தப் பங்குனியில சப்பரம் வந்துச்சு. பவளாயி வாசல் தெளிச்சு, பெருசா கோலம் போட்டு, தலைக்குக் குளிச்சு நின்னா. பூசாரி அவளைப் பார்த்தாரு. அவ வெறுங்கையைப் பார்த்தாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சப்பரம் நிக்காம போயிடுச்சு. டமடம... டமடம... டம... மேளச் சத்தம் சின்னதாகிச் சின்னதாகித் தெரு முக்குல மறைஞ்சே போச்சு.

சடையப்பன் உள்ளே போயி மூஞ்சியை மூடிப் படுத்துக்கிட்டான். பவளாயி என்ன பண்ணா தெரியுமா? சப்பரம் போன தடத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் உள்ள வந்து, "ஏங்க, எந்திரிங்க, சாப்பிடுங்க. அடுத்த வருசம் நிக்கும்"னா.

"எதை வச்சுடி நிக்கும்?"

"எதையாவது வச்சு நிக்கும்."

அவ அப்படித்தான். நடக்கும்னு சொல்லிட்டான்னா நடக்கிற வரைக்கும் அந்த வேலையை விட மாட்டா.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் என்னாச்சு, மழையெல்லாம் ஓஞ்ச பிறகு, அந்த வண்டல் மண்ணுல, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல ஒரு செடி மொளைச்சுச்சு. யாரும் நடலை, யாரும் தண்ணி ஊத்தலை. வெள்ளம் எங்கேயோ இருந்து அள்ளிக்கிட்டு வந்த விதை. சடையப்பன் அதைப் பார்த்துட்டு, "களைடி, பிடுங்கு"ன்னான்.

"தன்னால தேடி வந்ததை எதுக்குப் பிடுங்கணும்? உங்க சோத்தையா திங்குது?"ன்னா பவளாயி.

செடி மளமளன்னு வளந்து இடுப்பு உயரம் வந்துச்சு. தை மாசம் ஒரு நாள் காலையில பார்த்தா, ஒத்தைப் பூ! கிண்ணம் மாதிரி. வெளிறின மஞ்சள். உள்ள எட்டிப் பார்த்தா அடியில கருஞ்சிவப்பா பொட்டு வச்ச மாதிரி இருக்கு. பவளாயிக்குத் தலைகால் புரியலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு விசுக்விசுக்குன்னு தெரு முழுக்க ஓடுனா. "என் வீட்டுல பூ வந்திருச்சு! எல்லாரும் வந்து பாருங்க, என் வீட்டுல பூ வந்திருச்சு!"

ஊரே வந்துச்சு. முன்னாடி வந்தது யாருன்னா சம்பங்கி வீட்டு நல்லக்கா. பூத்திட்டுல பூவைப் பத்தி நல்லக்கா சொன்னா சொன்னதுதான். கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்கிட்ட பூவைக் காட்டுனா, எந்த வீட்டுப் பூ, இன்னைக்குப் பறிச்சதா நேத்துப் பறிச்சதான்னு சொல்லிப்புடுவா. அவ குனிஞ்சு மஞ்சப்பூவை மோந்தா. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... மறுபடியும் மோந்தா.

"ஏண்டி பவளாயி, இதுல வாசனையே இல்லையேடி!"

"இல்லாட்டி என்னக்கா? செம்பருத்தியில வாசனையா இருக்கு? ஆத்தா சூடலை?"

"அது சரி. ஆனா இது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இது வெண்டைப்பூ. அக்கரையில எங்கம்மா வீட்டுக் கொல்லையில இப்படித்தான் பூக்கும், மஞ்சளா, அடியில கருப்புப் பொட்டோட. ஆத்தாளுக்கு வெண்டைப்பூவைச் சூட்டிட்டு, மிச்சத்துக்குக் குழம்பு வைக்கப் போறியா?"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

ஆனா சாயங்காலம் வந்து பார்த்தா, மஞ்சப்பூ மஞ்சளாவே இல்ல! ரோஸ் கலர்ல இருக்கு. மறுநாள் செக்கச்செவேல்னு ஆகிடுச்சு. அப்போ அரளி வீட்டுக் குப்பாச்சி ஓடி வந்து, "வெண்டையாவது கிண்டையாவது! மஞ்சளா பூத்துச் சிவப்பா வாடுறது எது? பூவரசு! இது பூவரசங்கன்னு"ன்னா.

"பூவரசு மரமாச்சேடி, இது என் இடுப்புக்கு மேல வளரலையே"ன்னா நல்லக்கா.

"நீங்க பொறந்தப்போ இம்புட்டு உயரமா பொறந்தீங்க? வளரும்."

அப்போ மல்லிகை வீட்டுத் தங்கப்பொண்ணு குறுக்கே வந்தா. "ரெண்டும் இல்ல. இது துத்தி. வயல் வரப்புல கெடக்குமே, அந்தத் துத்தி."

"வெண்டை!" "பூவரசு!" "துத்தி!" ஆளாளுக்குக் கத்துறாங்க. கோழியெல்லாம் பயந்து கூட்டுக்குள்ள ஓடிடுச்சு. பவளாயி மூணு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. அப்புறம் கையைத் தட்டிச் சொன்னா, "இருங்க இருங்க. வெண்டையா இருந்தா என்ன காய்க்கும்? நீட்டு நீட்டா வெண்டைக்காய். பூவரசா இருந்தா? அமுக்கி வச்ச உருண்டை மாதிரி, தட்டையா ஒரு காய். துத்தியா இருந்தா? பல்லுப் பல்லா சக்கரம் மாதிரி. மூணு காயும் மூணு தினுசு. அப்போ நாம எதுக்குச் சண்டை போடணும்? இதைக் காய்க்க விடுவோம். காய் சொல்லிடும்."

சட்டுன்னு எல்லாரும் வாயை மூடிட்டாங்க.

ஏன் தெரியுமா? அந்த ஊர்ல எந்தப் பூவும் காயானதே இல்ல! விடியறதுக்கு முன்னாடி எல்லா வீட்டு ஆளும் தோட்டத்துல எறங்கி, மொக்கா இருக்கும்போதே படக்கு படக்குன்னு பறிச்சுடுவாங்க. ஒரு பூவைக் கூட விட மாட்டாங்க. செடியிலேயே பூ வாடிக் கெடந்தா அது பெரிய கேவலம். ஆக்குன சோத்தைத் தெருவுல கொட்டுன மாதிரி. "அவ வீட்டுல பூ வாடுதாம்"னு சொன்னா, அந்த வீட்டுக்காரி சோம்பேறி, குடும்பத்துக்கு ஆகாதவன்னு அர்த்தம். அதனால அவங்களுக்குப் பூவைப் பார்த்தா பூ தெரியும். அக்கரையில பார்த்த காயைத்தான் சொல்லத் தெரியும், தன் வீட்டுச் செடியில பூவுக்கு அப்புறம் என்ன வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது.

நல்லக்கா கன்னத்துல கை வச்சுக்கிட்டா. "பூவைச் செடியிலேயே வாட விடப் போறியாடி?"

"ஆமா."

"சரி, நீ ஆச்சு, உன் பூ ஆச்சு. பங்குனிக்குள்ள இதோட பேரு தெரிஞ்சுதுன்னா நானே பூசாரிகிட்டச் சொல்லி உன் வாசல்ல சப்பரத்தை நிக்க வைக்கிறேன். தெரியலைன்னா, சப்பரம் போன கையோட செடியைப் பிடுங்கி ஆத்துல விட்டுடணும். பேர் தெரியாத செடி ஊருக்குள்ள பரவக் கூடாது. சம்மதமா?"

"நானே ஒரு பேர் வச்சுக் கூப்பிட்டா என்னக்கா?"

"நல்லா இருக்கே! அடுத்த வீட்டுப் புள்ளைக்கு நீ பேர் வைப்பியா? அதுக்கு ஏற்கெனவே யாரோ ஒரு பேர் வச்சிருப்பாங்கடி. அதைக் கண்டுபிடி."

"கண்டுபிடிக்கிறேன்"னா பவளாயி.

ம்? தூங்கிட்டியா? இல்லையே... சரி, கேளு.

ஆளாளுக்குத் தொட்டுத் தடவுனதுல அந்த மொதப் பூ காம்போட ஒடிஞ்சு விழுந்துடுச்சு. மறுவாரம் செடியில இன்னொரு மொக்கு வந்துச்சு. பவளாயி ராத்திரியே சொல்லிக்கிட்டுப் படுத்தா, "நாளைக்குப் பூவைப் பறிக்கக் கூடாது, பறிக்கக் கூடாது, பறிக்கக் கூடாது"ன்னு. விடியக்காலம் எந்திரிச்சா. பாதித் தூக்கம். சின்ன வயசுலேர்ந்து பழகுன கை இல்லையா? கால் தன்னால தோட்டத்துக்குப் போச்சு. கை தன்னால நீண்டுச்சு. படக்! உள்ளங்கையில பூ இருக்கு. அப்போதான் முழிப்பே வந்துச்சு. "ஐயையோ!"ன்னா. பூவைத் திரும்ப ஒட்டவா முடியும்? சடையப்பன் விழுந்து விழுந்து சிரிச்சான். "காவல்காரியே திருடிட்டா!"ன்னான்.

அப்புறம் அடுத்த மொக்கு வந்துச்சு. இந்தத் தடவை பவளாயி படுக்கிறப்பவே வலது கையில பழைய துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டிக்கிட்டா, போண்டா மாதிரி. அன்னைக்குப் பூ தப்பிச்சுச்சு. வெயில் ஏறிச்சு, நல்லக்கா பார்க்க வந்தா. "என்னடி ஆச்சு உன் காய்?"னு கேட்டுக்கிட்டே செடிகிட்ட நின்னு பேசுனா. அவ மருமக கதையைப் பேசுனா, அக்கரைச் சந்தைக் கதையைப் பேசுனா, பேசிட்டு "வரட்டுமா"ன்னு கெளம்புனா. பவளாயி திரும்பிப் பார்த்தா, செடியில பூவைக் காணோம்!

"அக்கா! நில்லுங்க! பூ எங்க?"

"என்னைக் கேட்டா? நான் தொடவே இல்லையே."

"உங்க கொண்டையில என்னக்கா?"

நல்லக்கா தலையைத் தடவிப் பார்த்தா. மஞ்சப்பூ! "அடியேய், நான் எப்போடி பறிச்சேன்? எப்போடி சொருகுனேன்?"னு திருதிருன்னு முழிச்சா. அவமேல தப்பில்ல. பூவைப் பார்த்தா அந்த ஊர்க் கை அப்படித்தான். வாய்கிட்டக் கேக்காது.

அப்புறம் மூணாவது தடவை. இந்தத் தடவை பவளாயி செடியைச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டா. பூ மேல ஒரு ஓட்டைக் கூடையைக் கவுத்தா. யார் கையும் போகலை. பூ காலையில மஞ்சள், சாயங்காலம் ரோஸ், மறுநாள் சிவப்பு. அப்புறம் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிஞ்சு தொங்கப் போட்ட மாதிரித் தொங்குச்சு. அதைப் பார்க்கப் பார்க்க பவளாயிக்கே என்னமோ பண்ணுச்சு. உள்ளங்கை அரிச்சுது. அவ கையை ரெண்டையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னா.

ஊர்ல குசுகுசு குசுகுசுன்னு ஒரே பேச்சு. "கடைசி வீட்டுல பூ வாடித் தொங்குதாம்." "வேணும்னே விட்டிருக்காளாம்." சடையப்பன் பரிசல்ல ஏறுறவங்க எல்லாம் அவனைப் பார்த்து வாயை மூடிச் சிரிச்சாங்க. அவன் வீட்டுக்கு வந்து துடுப்பைத் தொபுக்குன்னு போட்டான்.

"ஏ புள்ள, போதும்டி. என்னால தல காட்ட முடியலை. பறிச்சு எறி."

"ஏங்க, சப்பரம் நிக்காம போனப்போ தல காட்ட முடிஞ்சுதா?"

"இல்ல."

"அப்போ இன்னும் கொஞ்ச நாள் காட்டாம இருங்க. ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க."

 அவன் துடுப்பைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மறுபடி ஆத்துக்குப் போயிட்டான்.

அப்புறம் ஒரு நாள் வாடுன பூ பொத்துன்னு உதிந்து விழுந்துச்சு. பவளாயி முள்ளை விலக்கிக் குனிஞ்சு பார்த்தா. பூ இருந்த இடத்துல, பச்சை இலை மூணு கைகூப்புன மாதிரி நிக்குது. அதுக்கு நடுவுல, கண்ணு முழி மாதிரி, பச்சைப் பசேல்னு ஒரு காய்! "காய் வந்திருச்சு! ஏங்க, காய் வந்திருச்சு!" அன்னைக்குச் சடையப்பனுக்கு கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு.

அதுக்கப்புறம் செடியில வந்த பூவெல்லாம் வரிசையா காயாச்சு. நாள் போகப் போகக் காய் பெருசாச்சு. நெல்லிக்காய் அளவு ஆச்சு, எலுமிச்சம் பிஞ்சு அளவு ஆச்சு. அடி குண்டு, நுனி கூரு. நல்லக்காவும் குப்பாச்சியும் தங்கப்பொண்ணும் வந்து பார்த்தாங்க. மூணு பேரும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நின்னாங்க, பவளாயி உத்தரவு.

"நீட்டமா இல்ல. வெண்டை இல்ல"ன்னா நல்லக்கா, கொஞ்சம் சுருதி இறங்கி.

"அமுக்கி வச்ச மாதிரி தட்டையா இல்ல. பூவரசும் இல்ல"ன்னா குப்பாச்சி.

"பல்லு இல்ல. துத்தி இல்ல"ன்னா தங்கப்பொண்ணு.

"பார்த்தீங்களா, காய் எவ்வளவு சொல்லிடுச்சு!"ன்னா பவளாயி.

"எது இல்லைன்னுதானேடி சொல்லுது? எதுன்னு சொல்லலையே! கத்தியை எடுத்து ரெண்டா கீறிப் பாரு. உள்ளுக்குள்ள இருக்கிறதைப் பார்த்துடுவோம்."

சடையப்பன் ஓடிப்போயி அரிவாள்மணையைத் தூக்கிட்டு வந்துட்டான். பவளாயிக்கும் ஆசைதான். பங்குனி பக்கத்துல வந்துடுச்சே. காயைத் தொட்டா. கல்லு மாதிரி இருந்துச்சு.  அப்புறம் அரிவாள்மணையை வாங்கி மடக்கிக் கீழ வச்சா.

"பூவைப் பறிச்சுப் பறிச்சுத்தான் நமக்கு ஒண்ணுமே தெரியாம போச்சு. காயையும் அவசரப்பட்டு அறுத்தா பாதிதான் தெரியும். தானா வாயைத் தொறக்கட்டும்."

"தொறக்கலைன்னா?"

"தொறக்கும்."

ம்... ஆங், கேக்குது கேக்குது.

அப்புறம் திருவிழாவும் வந்துடுச்சு. காய் என்னாச்சுங்கிறே? பச்சை போயி பழுப்பு ஆச்சு. பழுப்பு போயி காஞ்ச சருகு மாதிரி ஆச்சு. வாயை மட்டும் தொறக்கலை. சப்பரம் புறப்படுற அன்னைக்கு விடியக்காலம் பவளாயி செடிகிட்ட ஓடுனா. பனி பெஞ்சு இலையெல்லாம் நனைஞ்சிருக்கு. ஒரு காய்ல மெல்லிசா விரிசல்! உள்ள வெள்ளையா, ஈரமா, கொழகொழன்னு என்னமோ இருக்கு.

சடையப்பன் எட்டிப் பார்த்தான். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "அழுகிடுச்சுடி."

சப்பரத்துக்குப் பூக் கொண்டு போற வழியில நல்லக்காவும் வந்து பார்த்தா. இந்தத் தடவை அவ கேலி பண்ணலை. "பூஞ்சை புடிச்சிருச்சு போல, பவளாயி. நீயும் எவ்வளவோ பாடுபட்டே. சப்பரம் போனதும் நானும் வர்றேன், ரெண்டு பேருமா பிடுங்கிடுவோம்"னு முதுகைத் தடவிக் குடுத்துட்டுப் போனா.

நல்லக்கா கேலி பண்ணியிருந்தாக்கூட பவளாயி தாங்கியிருப்பா. அந்த ஆறுதலைத்தான் அவளால தாங்க முடியலை. வாசப்படியில உக்காந்தா. இன்னைக்கும் நிக்காம போயிடுமோ? தூரத்துல டமடமன்னு மேளம் கெளம்பிடுச்சு. "மல்லிகை வீடே!"ன்னு பூசாரி கூப்பிடுறது காத்துல கேக்குது. அவ எந்திரிச்சா. வாளியைத் தூக்கி வாசல் தெளிச்சா. கோலப்பொடியை எடுத்துப் போன வருசத்தை விடப் பெருசா கோலம் போட்டா.

"யாருக்குடி இந்தக் கோலம்?"ன்னான் சடையப்பன்.

"வர்றவங்களுக்கு."

அப்புறம் வெயில் ஏறிச்சு. பங்குனி வெயில், சுள்ளுன்னு அடிச்சுது. பனியெல்லாம் உலந்து போச்சு. சப்பரம் அரளி வீடு தாண்டி, மருக்கொழுந்து வீடு தாண்டி வந்துக்கிட்டே இருக்கு. அப்போ கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு சத்தம். டிக். பவளாயி காதைத் தீட்டுனா. டிக்... டிக்... ஓடிப்போயி பார்த்தா!

காய் வாயைத் தொறந்துடுச்சு! ஓடு நாலாப் பிரிஞ்சு விரிஞ்சு நிக்குது. உள்ளேருந்து வெள்ளை வெளேர்னு, பொசுபொசுன்னு, மேகத்துல ஒரு துண்டைக் கிள்ளி வச்ச மாதிரி பொங்கி வழியுது. அழுகலும் இல்ல, பூஞ்சையும் இல்ல. காலையில பனியில நனைஞ்சு கெடந்திருக்கு, அவ்வளவுதான். பவளாயி ஒரு விரலால தொட்டா. பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்துன்னு இருந்துச்சு. ஆனா இது என்ன? இதுக்கு என்ன பேரு? அவளுக்குத் தெரியலையே!

டமடம டமடம டமடம! சப்பரம் அவ வாசலுக்கே வந்துடுச்சு. தூக்குறவங்க நிக்கலை, நடக்கிறாங்க. பூசாரி போன வருசம் மாதிரியே தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பவளாயி அந்த வெள்ளையில ஒரு பிடி எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடுனா. சப்பரத்தை மறிக்கலை. பூசாரி பக்கத்துல கூடவே நடந்தா.

"சாமி, என் பூவோட காய் வெடிச்சிருச்சு. பாருங்க."

"பேர் தெரிஞ்சுதாம்மா?"

"தெரியலை சாமி."

"பேர் இல்லாம எப்படிம்மா நிக்கிறது?"

"நிக்க வேண்டாம். நடந்துக்கிட்டே கையை மட்டும் நீட்டுங்க."

பூசாரிக்கு வயசாச்சு, கற்பூரப் புகையில கண்ணு வேற மங்கிப் போச்சு. கையை நீட்டுனாரு. பவளாயி அந்த வெள்ளையை அவர் கையில வச்சா. அவர் அதைப் பார்க்கக் கூட இல்ல. நடந்துக்கிட்டே பேசுறாரு, "நான் என்னம்மா பண்றது, ஊர் வழக்கம். எனக்கு மட்டும் மனசு இல்லையா? உன் வாசலைத் தாண்டிப் போகையில எனக்கே..."

அந்தப் பேச்சு அப்படியே நின்னு போச்சு. ஏன்னா அவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே அவர் விரல் சும்மா இருக்கலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்ளங்கையில தன்னால உருட்டிக்கிட்டே இருக்கு. குனிஞ்சு பார்த்தாரு. கையில நீளமா, மெல்லிசா, கூரா ஒரு விளக்குத் திரி!

"நிறுத்துங்கடா!"ன்னு ஒரு கத்துக் கத்துனாரு. மேளம் டம்முனு நின்னுச்சு. சப்பரம் நின்னுச்சு. 

"இது எங்கேருந்தும்மா எடுத்தே?"

"என் பூவோட காயிலேர்ந்து சாமி."

"அடி ஆத்தாடி! அக்கரைச் சந்தையில பொட்டலமா வாங்கியாந்து, காலையிலயும் சாயங்காலமும் ஆத்தாளுக்கு நான் திரிக்கிற பஞ்சும்மா இது! பருத்தி! உன் செடி பருத்திச் செடி!"

அந்த ஊர்ல திரி திரிக்கிறது பூசாரி ஒருத்தர்தான். மத்த வீட்டுக்கெல்லாம் கோயில்லேர்ந்து திரிச்ச திரிதான் வரும். அதனால ஒருத்தருக்கும் பிடிபடலை. பருத்திங்கிற பேரு மட்டும் எல்லாருக்கும் தெரியும். நல்லக்கா தன் சேலையைத் தொட்டுப் பார்த்தா. "பருத்திச் சேலைன்னு சொல்லித்தானே வாங்குனேன்... இதுவா? இந்தச் செடியா?" குப்பாச்சி முந்தானையைத் தொட்டா. சப்பரம் தூக்குனவங்க எல்லாம் குனிஞ்சு அவங்கவங்க வேட்டியைப் பார்த்துக்கிட்டாங்க. இவ்வளவு நாளா உடம்புல சுத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க, பூவைப் பார்த்தா தெரியலை பாரு!

ஆனா தங்கப்பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. "பேரு கெடைச்சுது, சரி. ஆத்தா சூடுறதுக்குப் பூ எங்க? செடியில ஒரு பூ கூட இல்லையே, எல்லாத்தையும் காயாக்கிட்டாளே!"

பவளாயி செடியைத் திரும்பிப் பார்த்தா. ஆமா, ஒத்தைப் பூ கூட இல்ல.

 பூசாரி கையில இருந்த திரியை எண்ணெயில தோச்சாரு. சப்பரத்துல ஆத்தா காலடியில இருந்த அகல்ல போட்டு ஏத்துனாரு. திரி சிர்ருன்னு பத்திச்சு. சுடர் நிமிந்து நின்னு எரிஞ்சுது, மஞ்சளா, அடியில சிவப்பா. ஆத்தா மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. "சூடிக்கிட்டா"ன்னாரு பூசாரி. 

அப்புறம் அவர் நிமிந்து நின்னு, தொண்டையைச் செருமி, ஊர் முழுக்கக் கேக்கிற மாதிரி கூப்பிட்டாரு.

"பருத்தி வீடே!"

கூப்பிட்டா வீட்டுக்காரி "வந்தோம் ஆத்தா"ன்னு பதில் குடுக்கணும். பவளாயி வாயைத் தொறந்தா. சத்தம் வரலை. அவ்வளவு பேசுனவளுக்கு, ஊரையே பேசி மடக்குனவளுக்கு, அப்போ ஒரு சொல்லு வரலை. கண்ணு ரெண்டும் பொலபொலன்னு கொட்டுது. பூசாரி ரெண்டாவது தடவை கூப்பிட்டாரு. "பருத்தி வீடே!"

அப்போ அவளுக்குப் பின்னாடியிருந்து சடையப்பன் குடுத்தான் பாரு ஒரு குரல். பரிசல்காரன் குரல், இக்கரையில நின்னு அக்கரையைக் கூப்பிட்டுப் பழகுன குரல்.

"வந்தோம் ஆத்தாஆஆ!"

அக்கரையில துணி தொவைச்சுக்கிட்டு இருந்தவங்க கூடத் திரும்பிப் பார்த்தாங்களாம்.

அவ்வளவுதான். சப்பரம் கோயிலுக்குள்ள போயிடுச்சு, மேளக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, ஆறு மட்டும் சலசலன்னு ஓடுது. கதைக்கும் கொட்டாவி வந்துடுச்சு. உன் ம் எங்க? காணோமே... சரி, சரி. தூங்கு என் கண்ணு, தூங்கு.